சார்ஜர் போனால் செட்டையே மாற்றச் சொல்லாதீர்கள்

ஈரோடு, பெருந்துறை, காங்கேயம், திருப்பூர், கோவை ஊர்களில் மின்கருவி விற்கும் கடைக்காரர்களுக்கு,

சென்னிமலையில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்கள் கடைகளில் விற்ற கார்ட்லெஸ் ட்ரில்லும் ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் மெஷினும் பழுதானால் கடைசியில் வந்து சேரும் மேசைகளில் என்னுடையதும் ஒன்று. அவற்றில் என்னை அதிகம் வருத்துவது சார்ஜர்தான். மெஷின் நன்றாக ஓடும், இரண்டு பேட்டரியும் உயிரோடு இருக்கும், சார்ஜர் மட்டும் விளக்கு எரியாமல் கிடக்கும். கொண்டு வருபவர்கள் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். நீங்கள் சொன்ன பதிலையும் கூடவே கொண்டு வருகிறார்கள். "சார்ஜர் தனியா வராதுங்க, புது செட்டா எடுத்துக்குங்க."

இந்தப் பதிலை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பதில் கேட்பவரை என்ன பாடு படுத்துகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கதவு ஜன்னல் மாட்டும் ஆசாரி, ஃபால்ஸ் சீலிங் போடுபவர், கூரையில் சோலார் பேனல் ஏற்றுபவர், கேமராவுக்கு ஒயர் இழுப்பவர், தறி பிட்டர் எல்லோரும் உங்கள் வாடிக்கையாளர்கள். ஒரு நாள் மெஷின் ஓடவில்லை என்றால் அவர்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. வேலை பாதியில் நிற்கிறது, வீட்டுக்காரர் போன் மேல் போன் போடுகிறார். வேறு வழியில்லாமல் கடன் சொல்லியாவது புது செட் எடுக்கிறார்கள். நன்றாக இருக்கும் பழைய மெஷினும் பேட்டரிகளும் சாக்குக்குள் போகின்றன. சும்மா கிடக்கும் லித்தியம் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கி, நாளடைவில் சார்ஜே ஏறாத நிலைக்குப் போய்விடும். சார்ஜரில் வந்த ஒரு சின்னப் பழுது இப்படித்தான் மொத்தச் செட்டையும் தின்கிறது.

உங்களில் பலர் அந்தச் சார்ஜரைத் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளே இருப்பது டிவியிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கும் அதே மாதிரிப் பவர் சப்ளைதான். 230 வோல்ட் பியூஸ் வழியாக உள்ளே வந்து, நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜில் டிசியாக மாறி, பெரிய கண்டென்சரில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கிறது. அதை ஒரு மாஸ்ஃபெட் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிவெட்டிச் சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கிறது. மறுபக்கம் பேட்டரிக்கு வேண்டிய குறைந்த வோல்டேஜ் கிடைக்கிறது. இதையெல்லாம் கவனிக்க ஒரு கன்ட்ரோலர் ஐசி உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் தெர்மிஸ்டர் வழியாகச் சூட்டைப் பார்த்து, எவ்வளவு கரண்ட் விடுவது, எப்போது நிறுத்துவது என்று அதுதான் முடிவு செய்யும்.

இவற்றில் அடிக்கடி போவது முன்பக்கத்துச் சாமான்கள். காரணம் நம் ஊர்க் கரண்டு. காற்று மழைக்கு லைன் அறுந்து நியூட்ரல் போனால், இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கும் 400 வோல்ட் வீடுகளுக்குள் பங்கு பிரிந்து வரும். லோடு அதிகம் உள்ள வீட்டில் வோல்டேஜ் இறங்கும், லேசாக உள்ள வீட்டில் ஏறும். ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சார்ஜரை மட்டும் போட்டு வைத்திருக்கும் வீட்டில் அது உச்சத்துக்கே போய்விடலாம். 400 வோல்ட் தாங்கும் கண்டென்சருக்கு அப்போது 500 வோல்ட்டுக்கு மேல் வரும். அந்த நேரத்தில் மற்ற பாகங்களைக் காப்பாற்றுவதற்கென்றே நீல வட்டாக ஒரு வேரிஸ்டர் இருக்கிறது. அது ஷார்ட் ஆகி, பியூஸைப் போக்கி, கரண்டை வெட்டிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சார்ஜர் செத்துப் போனது போலத் தெரியும். உண்மையில் பாதுகாப்புக்கு வைத்த இரண்டு சாமான்களும் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கின்றன. அவற்றை மாற்றி, பிரிட்ஜும் மாஸ்ஃபெட்டும் நன்றாக இருக்கின்றனவா என்று சோதித்து, சீரிஸ் பல்பு போட்டுப் பார்த்துவிட்டு நேர் கரண்ட் கொடுத்தால் பல சார்ஜர்கள் எழுந்துவிடுகின்றன. மாற்றிய சாமானின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணம்கூட இல்லை.

மற்றப் பழுதுகளும் அப்படித்தான். ஒயர் சார்ஜருக்குள் நுழையும் இடத்தில் வளைந்து வளைந்து அறுந்திருக்கும். தினமும் பேட்டரியைச் சொருகி எடுப்பதில் டெர்மினலின் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். பித்தளை நாக்கு விரிந்து, பிடிப்பு இல்லாமல் சூடேறிக் கருகியிருக்கும். எங்கள் ஊர்த் தறிக்கூடச் சார்ஜர்களைத் திறந்தால் காற்றுத் துவாரம் முழுக்கப் பஞ்சு அடைத்திருக்கும், அந்தச் சூட்டில் கண்டென்சர் உப்பியிருக்கும். அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகனோ ஆசையாக வாங்கி வந்த செட்டும் வருகிறது. 120 வோல்ட்டுக்குச் செய்த சார்ஜரை இங்கே 230இல் சொருகியதும் அது வெடித்துவிடுகிறது. அதற்குக்கூட முன்பக்கச் சாமான்களை மாற்றி, 120 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வேலை செய்ய வைக்க முடிந்திருக்கிறது.

இன்னொன்று, உங்கள் கவுன்ட்டரிலேயே நடப்பது. மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் சார்ஜர் டெர்மினலில் வைத்துப் பார்த்துவிட்டு, "வோல்டேஜே வரலைங்க, சார்ஜர் டெட்டு" என்று உங்கள் பையன்கள் சொல்லிவிடுகிறார்கள். பல சார்ஜர்களில் பேட்டரி உள்ளே இல்லாதபோது டெர்மினலில் வோல்டேஜ் வராது. பேட்டரியின் தெர்மிஸ்டர் தெரிந்த பிறகுதான் ஐசி கரண்ட் விடும். அதேபோல, அளவுக்கு மேல் இறங்கிப்போன பேட்டரியைச் சொருகினாலும் சார்ஜர் சிவப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டு மறுத்துவிடும். அதில் சார்ஜரின் குற்றம் ஒன்றுமில்லை. நல்ல சார்ஜரைத் தூக்கிப் போட வைத்திருக்கிறீர்கள் என்று சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடக்கிறது. நன்றாக இருக்கும் வேறொரு பேட்டரியைச் சொருகிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

எல்லாச் சார்ஜரையும் சரி செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வெந்து, போர்டு கரியாகிப் போனதை ரிப்பேர் செய்யக் கூடாது. உப்பிய பேட்டரியை எந்தச் சார்ஜரிலும் போடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் கண்டென்சரில் நிற்கும், அதை இறக்கத் தெரியாதவர் சார்ஜரைத் திறக்கவே கூடாது. நான் கேட்பது, சரி செய்யக் கூடியவற்றையாவது சரி செய்ய வழி விடுங்கள் என்பதுதான். இப்போது அந்த வழி அடைத்திருக்கிறது. பித்தளை டெர்மினல் பிளாக் ஒன்று வேண்டுமென்றால் எங்கேயும் கிடைப்பதில்லை. ஐசி மேல் இருக்கும் நம்பரைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். ஐசிக்குள் இருக்கும் புரோகிராம் கம்பெனியிடம் மட்டும் இருப்பதால், அதே ஐசியை வெளியில் வாங்கி வைத்தாலும் பயன் இல்லை. போர்டு மேல் கறுப்புப் பசையை ஊற்றி இறுக்குகிறார்கள். தூசியும் அதிர்வும் தாக்காமல் இருக்க அது உதவுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பியூஸைக்கூடத் தொட முடியாதபடி மூடுவது எதற்கு? சர்க்யூட் படம் கேட்டால், அது வெளியே கொடுப்பதற்கில்லை என்கிறார்கள்.

வழி அடைத்தால் வேலை நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். ஆபத்தான வழியில் நடக்கும். அதுதான் இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்தது. சார்ஜர் கிடைக்காதவர் முதலில் வோல்ட் எண்ணைப் பார்த்துக் குழம்புகிறார். ஒரு கம்பெனி 18 வோல்ட் என்று எழுதுகிறது, இன்னொன்று 20 வோல்ட் மேக்ஸ் என்கிறது, சீனச் சரக்கு 21 வோல்ட் என்கிறது. மூன்றிலும் இருப்பது வரிசையாகக் கோத்த ஐந்து லித்தியம் செல்தான். செல்லுக்கு 3.6 என்று சராசரியைப் பெருக்கினால் 18, முழுக்க ஏறியதும் இருக்கும் 4.2ஐப் பெருக்கினால் 21. ஆனால் ஒன்றின் பேட்டரி இன்னொன்றின் சார்ஜரில் உட்காராது. இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாததால், கிடைத்த அடாப்டரில் இரண்டு ஒயரை இழுத்து பேட்டரியின் ப்ளஸ் மைனஸில் நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். தெர்மிஸ்டர் கிடையாது, சூடு பார்க்க ஆள் கிடையாது, நிறுத்தச் சொல்ல ஐசி கிடையாது. மருந்தடிக்கும் 12 வோல்ட் ஸ்பிரேயரின் சார்ஜரை 12 வோல்ட் லித்தியம் பேட்டரிக்குப் போடுபவர்களும் உண்டு. ஸ்பிரேயரில் இருப்பது பெரும்பாலும் ஈய பேட்டரி, அதன் சார்ஜர் 14 வோல்ட்டைத் தாண்டி ஏற்றும். மூன்று செல் லித்தியத்துக்கு எல்லை 12.6தான். அந்த எல்லையைத் தாண்டிக் கரண்ட் ஏறிக்கொண்டே இருந்தால் செல் கொதிக்கும், வாயு கக்கும், தீப்பிடிக்கும். ஒன்று பிடித்தால் ஒட்டியிருக்கும் அடுத்த செல்லும் பிடிக்கும்.

சென்னிமலையில் அந்தச் சார்ஜர் எங்கே சொருகப்பட்டிருக்கிறது தெரியுமா? தறிக்கூடத்தில். பக்கத்தில் நூல் கோன் அடுக்கியிருக்கும், சுவரோரம் பெட்ஷீட் கட்டுகள் இருக்கும், தரையில் பஞ்சு பறந்துகொண்டிருக்கும். பிட்டர் வேலையை முடித்துவிட்டு பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். அங்கே விழும் ஒரு பொறி ஒரு குடும்பத்தின் தறிகளையும், அது கூலிக்கு நெய்யும் அடுத்தவர் நூலையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். "ரிப்பேர் பண்ண சார்ஜர் ஆபத்துங்க" என்று நீங்கள் சொல்கிறீர்கள். சரியான சாமான் போட்டுச் சோதித்துக் கொடுத்த சார்ஜரில் அந்த ஆபத்து இல்லை. சரியான சாமான் கிடைக்காமல் போட்ட ஒட்டுவேலையில்தான் இருக்கிறது.

பாகம் பாகமாக விற்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் தறிக்கு நாடா வேண்டுமா, அச்சு வேண்டுமா, விழுது வேண்டுமா, பிக்கர் வேண்டுமா, கடைக்குப் போனால் வாங்கி வரலாம். அந்தத் தறியைச் செய்த பட்டறையே மூடிப் போயிருந்தாலும் தறி ஓடிக்கொண்டிருக்கும். நாடா உடைந்தது என்று வருபவரிடம் புதுத் தறி வாங்கு என்று சொன்ன கடைக்காரரை நான் பார்த்ததில்லை. கிணற்று மோட்டார் எரிந்தால் காயில் கட்டுகிறோம், பேரிங் மாற்றுகிறோம், புஷ் போடுகிறோம். இந்தக் கோவையில்தான் 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து நம் நாட்டிலேயே உருவான முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். நாயுடு இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டு, திரும்பக் கோத்துத் தொழில் கற்றவர். டிரை செல்லில் ஓடும் சின்ன மோட்டார் வைத்து 'ரசன்ட்' என்ற சவரக் கருவியை 1930களிலேயே கொண்டு வந்தவரும் அவர்தான். பேட்டரியில் ஓடும் கருவியில் அவர் எவ்வளவு முன்னே இருந்தார் என்றால், அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் முதல் கார்ட்லெஸ் ட்ரில்லை விற்றதே 1961இல்தான். பிரித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, சரி செய்து ஓட்டுவதில்தான் கொங்கு நாட்டுத் தொழில் வளர்ந்தது. உங்கள் கடைகளும் அந்த வளர்ச்சியில் பிழைத்தவைதான்.

கம்பெனி கொடுக்காததை நாங்கள் எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கம்பெனி கொடுக்காது என்பது மாற்ற முடியாத விதி இல்லை. காருக்கும் ஒரு காலத்தில் இதே பேச்சு இருந்தது. உதிரி பாகமும் பழுது பார்க்கும் கருவியும் அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்கு மட்டும்தான் என்றார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து, வெளிச் சந்தைக்கும் உதிரி பாகம் கொடுக்கச் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு விஷயம். பாகத்தைப் பூட்டி வைப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம் என்பது அன்றைக்கு எழுத்தில் பதிவாகிவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஒரு தளத்தையும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஆசாரி கையில் இருக்கும் ட்ரில்லுக்கு அதில் தனி இடம் இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். அதற்காகச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2018இல் ஜெர்மனியின் மெட்டாபோ கம்பெனி ஒரு கூட்டணியை ஆரம்பித்தது. அதில் சேர்ந்த பல கம்பெனிகளின் கருவிகள் ஒரே பேட்டரியில், ஒரே சார்ஜரில் ஓடுகின்றன. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. விற்பவர்களும் வாங்குபவர்களும் கேட்டால் கம்பெனிகள் இறங்கி வரும்.

இன்னொரு தயக்கமும் உங்களுக்கு இருக்கும், வெளியே சொல்ல மாட்டீர்கள். செட் விற்றால் கிடைக்கும் லாபம் பியூஸ் விற்றால் கிடைக்காது. இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். சார்ஜர் போனதும் செட்டை மாற்றச் சொன்ன கடைக்கு ஆசாரி அடுத்த முறை போவதில்லை. கோபத்தில் வேறு கம்பெனிக்குத் தாவுகிறார், இல்லை ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறார். சார்ஜரை ஓட வைத்துக் கொடுத்த கடையில்தான் அவர் பிட்டும் பிளேடும் வாங்குவார், அடுத்த மெஷினும் வாங்குவார், கூட வேலை செய்யும் நாலு பேரையும் கூட்டி வருவார். வாரன்ட்டிக்குள் இருக்கும் சார்ஜரைக் கம்பெனிக்கு அனுப்புங்கள், அதை நாங்கள் தொட மாட்டோம். நான் பேசுவது வாரன்ட்டி முடிந்து, யாரும் பொறுப்பு எடுக்காமல் கிடக்கும் சார்ஜர்களைப் பற்றி. தூக்கிப் போடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் மின்கருவிகளும் அடங்கும், அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அந்தச் சுமையைக் குறைக்கவாவது கம்பெனிகள் பழுதுநீக்க உதவலாமே என்று அவர்களிடம் கேட்கும் வாய்ப்பு எங்களைவிட உங்களுக்குத்தான் அதிகம்.

ஏனென்றால் ஆர்டர் போடுவது நீங்கள். என் மேசையில் உட்கார்ந்து நான் எழுதும் கடிதத்துக்குக் கம்பெனி பதில் போடாது. தனி ஆசாரி கேட்டால் காதில் வாங்காது. ஈரோட்டிலும் கோவையிலும் மாதா மாதம் பெட்டி பெட்டியாகச் சரக்கு எடுக்கும் நீங்கள் சேர்ந்து கேட்டால் அவர்களுடைய ஏரியா மேனேஜர் உங்கள் கடை வாசலில் வந்து நிற்பார்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை சரக்கு எடுக்கும் முன்பு, நீங்கள் விற்கும் ஒவ்வொரு கம்பெனியிடமும் எழுத்தில் கேளுங்கள். செட்டில் வரும் சார்ஜரைத் தனியாகவும் கொடுக்க வேண்டும். டெர்மினல் பிளாக், ஒயர், பியூஸ், வேரிஸ்டர், ஃபேன் இருக்கும் மாடலுக்கு ஃபேன், இவையாவது உதிரியாக வர வேண்டும். சர்க்யூட் படம் முழுதாகக் கொடுக்க மனமில்லை என்றால், முன்பக்கச் சாமான்களின் அளவையும், எந்த டெர்மினலில் எந்த நேரத்தில் எவ்வளவு வோல்டேஜ் வர வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். அதுவே எங்களுக்குப் போதும். மறுக்கும் கம்பெனியின் பெயரை வாங்க வருபவரிடம் மறைக்காதீர்கள். "இதுக்குச் சார்ஜர் தனியா கிடைக்காதுங்க" என்று விற்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அவர் யோசித்து வாங்கட்டும்.

உங்கள் கடையிலேயே இன்று முதல் செய்யக் கூடியதும் இருக்கிறது. சார்ஜர் வந்தால் வேறொரு நல்ல பேட்டரி போட்டுப் பார்த்துவிட்டு, எது பழுது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். செட்டை மாற்றச் சொல்லும் முன், உங்கள் ஊரில் பவர் சப்ளை வேலை தெரிந்த ரிப்பேர்காரர் யார் என்று சொல்லுங்கள். தெர்மிஸ்டர் முனை இல்லாத "எல்லாத்துக்கும் சேரும்" சார்ஜர்களைக் கடையில் வைக்காதீர்கள், கேட்டு வருபவருக்கு அது ஏன் கூடாது என்று எடுத்துச் சொல்லுங்கள். நூலுக்கும் பஞ்சுக்கும் பக்கத்தில், ஆள் இல்லாத நேரத்தில் சார்ஜ் போட வேண்டாம் என்று விற்கும்போதே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

ரிப்பேர் வேலையின் பொறுப்பை உங்கள் தலையில் கட்ட நான் கேட்கவில்லை. நான் சரி செய்து கொடுக்கும் சார்ஜரில் என்ன மாற்றினேன், என்ன அளவுச் சாமான் போட்டேன், சோதித்தபோது எத்தனை வோல்ட்டில் நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறேன். மற்ற ஊர்களில் இருக்கும் ரிப்பேர்காரர்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் திறந்து பார்த்த சார்ஜர்களின் முன்பக்கச் சர்க்யூட்டை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். உங்கள் சங்கத்தில் ஒரு நாள் கூட்டம் போட்டுக் கூப்பிட்டால் அந்த நோட்டோடு வருகிறேன். உங்கள் பையன்களுக்குச் சார்ஜரையும் பேட்டரியையும் தனித்தனியாகச் சோதிப்பது எப்படி என்று காட்டிக் கொடுக்கிறேன், கட்டணம் வேண்டாம். கம்பெனிகளுக்குப் போக வேண்டிய கடிதத்தையும் அன்றைக்கே சேர்ந்து உட்கார்ந்து எழுதிவிடலாம். தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்னிமலை ரிப்பேர் கடைக்காரன்